தெருவில் கிடக்கும் நாய்க்கு ஒரு வீடு: தூக்குவதற்கு முன்பிருந்து ஒப்படைத்த பின்பு வரை

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் செய்திதான் இது: "ரேஷன் கடைப் பக்கம் நான்கு குட்டிகள் மழையில் நனைகின்றன, யாராவது வந்து காப்பாற்றுங்கள்." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அந்த 'யாராவது' என்பவர் எந்த ஊரிலும் கிடையாது. செய்தி போட்டவரோ, அதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டவரோதான் கடைசியில் கிளம்பிப் போக வேண்டியிருக்கும். அப்படிப் போகப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நாயைத் தூக்கி வர அரை மணி நேரம் போதும். அதற்கு ஏற்ற வீட்டைத் தேடிப் பிடிக்க மாதங்கள் ஆகலாம். ஆகவே வேலையைக் கடைசியிலிருந்து திட்டமிட வேண்டும்: இந்த நாய் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியைக் கை வைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எந்த நாய்க்கு வீடு தேவை?

தெருவில் இருக்கிற நாய்க்கெல்லாம் வீடு தேட வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் படுத்துக்கொண்டு, பொறை தின்று, இரவில் தெருமுனை வரை ரோந்து போய் வருகிற கறுப்பனுக்கு அந்தத் தெருவே வீடு. அவனைப் பிடித்து இரண்டாம் மாடியில் அடைத்து வைத்தால் திருப்தி நமக்குத்தான். அவன் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அவனுக்கு வேண்டியவை கருத்தடை அறுவை, ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அடிபட்டால் மருத்துவம். ஒரு காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்துவிட்டது என்று பொருள். இல்லையென்றால் சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குச் சொல்லலாம். மற்ற ஊர்களில் நகராட்சியின் சுகாதாரப் பிரிவை அணுக வேண்டும்.

சட்டமும் இதையொட்டியே இருக்கிறது. சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிவிட்டது. நாய்களைக் கொல்வதை விட்டு அந்த வழிக்கு மாநகராட்சி வந்தது 1996இல். நாடு முழுவதற்குமான விதிகள் 2001இல் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023ஆம் ஆண்டு விதிகள். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே நாயைத் திரும்ப விட வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. வெறிநோய் கண்ட நாய்களுக்கும் மூர்க்கமான நாய்களுக்கும் மட்டும் விலக்கு. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. கல்லூரிக் கேண்டீன் வாசலிலேயே வளர்ந்து கிழமான நாய்க்குக்கூட வீடு தேடும் தேவை இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவசியமாக வீடு தேட வேண்டிய நாய்கள் என்று நான் கருதுபவை இவை: தாயை இழந்த குட்டிகள், வளர்த்தவர்கள் தெருவில் விட்டுவிட்டுப் போன நாய்கள், கால் போனவை, கண் தெரியாதவை, பழைய இடத்துக்கு இனித் திரும்ப முடியாதவை. கைவிடப்பட்ட நாயைக் கண்டுபிடிக்கக் கழுத்தில் பெல்ட் இருக்க வேண்டியதில்லை. பெல்ட்டின் தடம் முடியில் தெரியும். சாலையோரத்தில் ஒரே இடத்தில் நின்று, கடந்து போகும் ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்க்கும். குப்பையைக் கிளறத் தெரியாது. அந்தத் தெரு நாய்கள் துரத்தினால் எதிர்க்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது. லாப்ரடாரும் பொமரேனியனும் இப்படி நிற்பதை நெடுஞ்சாலை ஓரங்களில் பார்க்கலாம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி இப்படிக் கைவிடுவது குற்றம். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். யார் பயப்படப்போகிறார்கள்?

குட்டிகளைக் கண்டதும் அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். வயிறு நிரம்பி, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறாள். ஓயாமல் கத்திக்கொண்டு, தொட்டால் குளிர்ந்திருக்கும் குட்டிகளுக்குத்தான் ஆபத்து. தாய் இருந்தால் எட்டு வாரம் அவளிடமே விட்டுவைத்து, அவளுக்கு உணவு வையுங்கள். குட்டிகளுக்கு வீடு தேடும்போதே தாயின் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். நாயின் கர்ப்பக் காலம் சுமார் 63 நாட்கள்தான். தாயை மறந்துவிட்டுக் குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடுகிறவர் அடுத்த ஆண்டும் அதே ரேஷன் கடைக்கு அட்டைப் பெட்டியோடு போக வேண்டியிருக்கும்.

முன்னேற்பாடு

மூன்று விஷயங்கள் கையில் இல்லாமல் இறங்க வேண்டாம். முதலாவது, தனி இடம். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதிய நாய் இரண்டு வாரமாவது வேறு அறையிலோ மூடிய மொட்டை மாடிக் கூடத்திலோ இருக்க வேண்டும். தட்டு, துணி, துடைப்பம் எல்லாம் தனி. இடம் இல்லையென்றால் வீடு கிடைக்கும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவரை முதலில் பிடியுங்கள். இந்த வட்டாரத்தில் அவரை 'ஃபாஸ்டர்' என்பார்கள். நாய்களுக்குப் பஞ்சமில்லை, ஃபாஸ்டருக்குத்தான் பஞ்சம். இரண்டாவது, பணம். நோயில் விழுந்த ஒரு குட்டிக்குத் தனியார் மருத்துவமனையில் சில ஆயிரங்கள் எளிதாகக் கரையும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவு குறைவு, வரிசை நீளம். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நன்கொடை திரட்டினால் ஒவ்வொரு பில்லையும் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். கேட்ட பிறகு காட்டுவது அழகல்ல.

மூன்றாவது, உங்கள் உடம்பு. இந்த வேலையில் தொடர்ந்து இருக்கப்போகிறவர் கடிபடுவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் நாள், ஏழாம் நாள், அடுத்து 21 அல்லது 28ஆம் நாள். பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். முன்தடுப்பு இல்லாதவர் கடிபட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். தோலைத் துளைத்து இரத்தம் வந்த காயம் என்றால், காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் சேர்த்துக் கேளுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். "குட்டிதானே, பால்பல்தானே" என்ற பேச்சும் வேண்டாம். குட்டிக்கும் வெறிநோய் வரும்.

வெறிநோய் என்றாலே எச்சில் ஒழுக ஓடிவந்து கடிக்கும் நாயைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். இன்னொரு வகை அமைதியானது. நாய் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், விழுங்க முடியாமல் திணறும், குரைப்பு கம்மிப்போய் இழுக்கும். பார்க்கிற நல்ல மனிதர், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் விரலை விடுவார். இந்த ஒரு காரியத்தை மட்டும் எந்த நாயிடமும் செய்யாதீர்கள். தள்ளி நின்று, ஆட்கள் அருகில் போகாமல் பார்த்துக்கொண்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தகவல் சொல்லுங்கள்.

பிடிப்பது

நாயைப் பிடிக்கத் தெரிந்தவர் துரத்த மாட்டார். பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகக் கொஞ்சம் கொஞ்சம் அருகே போட்டுக்கொண்டே இருப்பார். ஈரலுக்கு மசியாத நாய் அபூர்வம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதீர்கள். நாய் அதை அடியாகத்தான் எடுத்துக்கொள்ளும். மோவாய்க்குக் கீழே, மார்பில் தொடுங்கள். ஒரு நாளில் வராவிட்டால் நாளை அதே நேரத்துக்கு அதே இடத்துக்கு வாருங்கள்.

அடிபட்ட நாய் வேறு கணக்கு. வலியில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையே கடிக்கும். தடித்த போர்வையைத் தலைமேல் போர்த்துங்கள். நீளமான துணிப்பட்டையோ பழைய துப்பட்டாவோ இருந்தால் மூக்கைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு முடிச்சு, வாய்க்கூடு தயார். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது. முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்று தோன்றினால் அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், பலகையிலோ இழுத்துப் பிடித்த போர்வையிலோ நகர்த்துங்கள். ஆட்டோக்காரரிடம் நாய் இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பழைய செய்தித்தாள் விரித்து, பேசியதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த முறை அவரையே கூப்பிட வேண்டியிருக்கும்.

கொண்டுவரும் வழியில் தப்பிவிடும் நாய்கள் ஏராளம். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப் பெல்ட் தலை வழியே கழன்றுவிடும். மார்புப் பட்டை ஒன்று, கழுத்துப் பெல்ட் ஒன்று, இரண்டிலும் கயிறு என்று இருந்தால் கவலையில்லை.

முதல் நாள்

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டத்தான் கை பரபரக்கும். குளிப்பாட்டாதீர்கள். நோயில் இருக்கிற குட்டிக்கு அந்தக் குளிரே எமனாகிவிடும். முதலில் பார்க்க வேண்டியவை வேறு. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது; வெளுத்திருந்தால் இரத்தம் குறைவு, உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ இருக்கலாம். பிடரித் தோலைச் சற்று இழுத்து விடுங்கள்; உடனே பழைய நிலைக்குப் போகாமல் மடிந்தே நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, ட்ரிப்ஸ் தேவைப்படும். நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கைக்குச் சூடாகத் தெரிகிறது என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கண் திறக்காத குட்டி என்றால் வயது இரண்டு வாரத்துக்குள். அதற்கு முதல் தேவை சூடு, பால் பிறகுதான். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் புகட்டினால் செரிக்காது. வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். பசும்பால் கழிச்சலைக் கொண்டுவரும். நாய்க்குட்டிகளுக்கென்றே பால்மாவு கடைகளில் கிடைக்கிறது. குழந்தையைப் போல் மல்லாத்தி வைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். குப்புற இருக்கும் நிலையில், தலை சற்று உயர்ந்திருக்கப் புகட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்த பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடும் வேலை அது. இல்லையென்றால் குட்டியால் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. நாலு வாரக் குட்டிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. குழைந்த சோறு, மசித்த கோழி, மசித்த முட்டை என்று தொடங்கலாம். தயிர்சாதம் மட்டுமே கொடுத்து வளர்த்தால் வயிறு நிறையும், எலும்பு தேறாது.

வளர்ந்த நாய்களில் புழு வைத்த புண்ணைத் தேடிப் பாருங்கள். காதின் அடியிலோ வாலின் மேலோ முடி பிசுபிசுத்துக் கிடக்கும். விலக்கினால் ஒரு துளை, அதிலிருந்து கசிவு, குமட்டும் வாடை. உற்றுப் பார்த்தால் உள்ளே வெந்த அரிசி அசைவதுபோல் இருக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஃபினாயில் எதையும் ஊற்ற வேண்டாம். புழுவோடு சதையும் வெந்துவிடும். டாப்பிகியூர் போன்ற புண் ஸ்ப்ரேயைத் துளைக்குள் படும்படி அடித்துக் காத்திருந்தால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கண்ணருகே, மூக்கினுள் என்றால் நீங்களாக முயலாமல் மருத்துவரிடம் போங்கள். வெளியே தெரிவதைவிட உள்ளே குகை பெரிதாக இருக்கும். ஒரே நாளில் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நோய்களும் ஊசிகளும்

குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோவது பார்வோ என்ற வைரஸ் நோய். நேற்று விளையாடிய குட்டி இன்று சோறு வேண்டாம் என்கிறது, வாந்தி எடுக்கிறது, பிறகு இரத்தம் கலந்த கழிச்சல். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் அடுத்த முறை கதவைத் திறக்கும்போதே கண்டுகொள்வார்கள். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் நோய் அல்ல இது. அன்றே ட்ரிப்ஸ் ஏற வேண்டும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். ஃபினாயிலுக்கு அது சாகாது. ப்ளீச்சிங் கரைசல்தான் கொல்லும். பார்வோவில் ஒரு குட்டி செத்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியைக் கொடுக்காதீர்கள், அவர்கள் எவ்வளவு அழுதாலும்.

டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் கண்ணிலும் மூக்கிலும் சளியாகத் தொடங்கி, பிறகு தலையோ காலோ வெட்டி வெட்டி இழுக்கும். பிழைத்தவற்றுக்கும் அந்த இழுப்பு நிற்காமல் போகலாம். சொறியில் இரண்டு உண்டு. ஒன்று மனிதருக்கும் ஒட்டிக்கொண்டு அரிக்க வைக்கும், இன்னொன்று ஒட்டாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எது என்று தெரியும். இரண்டும் குணமாகும். முடியே இல்லாமல் கன்றிப்போயிருந்த நாய் இரண்டு மாதத்தில் அடையாளம் தெரியாமல் மாறுவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சம்பளம். பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியும் வளர்ந்த நாயைப் பார்த்து, தீராத புற்று என்று கைவிட்டுவிடுகிறார்கள். அது நாய்களிடையே புணர்ச்சியால் பரவும் புற்றுக்கட்டி. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும்.

குடற்புழு மருந்து குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். கருத்தடை சுமார் ஆறு மாதத்தில். வளர்ந்த நாய் என்றால் கருத்தடை முடிக்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதிலும் கைவிடப்பட்ட சாதிநாய் பெண்ணாக இருந்தால், அதன் படத்தை வெளியிடுவதற்கு முன்பே அறுவையை முடித்துவிடுங்கள். கருத்தடை ஆகிவிட்டது என்று எழுதிப் போட்டாலே குட்டி போட்டு விற்க நினைக்கும் பாதிப் பேர் கூப்பிட மாட்டார்கள்.

விளம்பரம்

கூண்டுக் கம்பிக்குப் பின்னால் அழுக்காக, மிரண்டு நிற்கும் படத்துக்கு "ஐயோ பாவம்" கிடைக்கும், வீடு கிடைக்காது. பகல் வெளிச்சத்தில், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, வீட்டுத் தரையில் இயல்பாக உட்கார்ந்திருக்கும் படம் எடுங்கள். கறுப்பு நாய்க்கு இது இன்னும் முக்கியம். சரியான வெளிச்சம் இல்லாவிட்டால் முகமே தெரியாது. நடப்பதும் மனிதரிடம் வருவதும் தெரிகிற சிறிய வீடியோ ஒன்றும் வேண்டும்.

"இன்று இரவுக்குள் வீடு கிடைக்காவிட்டால் தெருவில் விட்டுவிடுவோம்" என்று மிரட்டும் வாசகம் வேண்டாம். அந்த அவசரத்தில் வருகிறவர்கள் அதே அவசரத்தில் திருப்பித் தருவார்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"மிளகு. பெண். வயது சுமார் ஐந்து மாதம். நாட்டு நாய், வளர்ந்தால் நடுத்தர உயரம். ஊசிகள் முடிந்தன, கருத்தடை அடுத்த மாதம், செலவு எங்களுடையது. குழந்தைகளிடம் நன்றாகப் பழகும். செருப்பைக் கடிக்கும். இடிச் சத்தத்துக்குப் பயம். தனியே நான்கு மணி நேரம் இருக்கும், அதற்குமேல் ஊளையிடும். சென்னைக்குள் மட்டும். வீட்டுக்கு வந்து பார்ப்போம்."

செருப்பையும் ஊளையையும் மறைக்காமல் எழுதியதால் ஆட்கள் குறைவார்கள். குறையட்டும். இந்த வரிகளை எழுதுவதற்கு நாய் உங்களிடமோ ஃபாஸ்டரிடமோ சில வாரமாவது இருந்திருக்க வேண்டும். பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, சாப்பிடும்போது தட்டருகே கை போனால் உறுமுகிறதா, ஆண்களைக் கண்டு ஒதுங்குகிறதா என்று குறித்து வையுங்கள்.

யாருக்குக் கொடுப்பது?

இதில்தான் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். கேட்டு வருகிற முதல் ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தால் அது குட்டியைக் கழித்துவிடுகிற வேலை.

முதல் அழைப்பிலேயே பாதி தெரிந்துவிடும். "ஆண் குட்டி இருக்கிறதா சார்? பெண் வேண்டாம்" என்பார்கள். கருத்தடை செய்துவிட்டால் குட்டிகள் வராது, வீட்டோடு ஒட்டிக்கொள்வதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று ஒருமுறை விளக்கிப் பாருங்கள். சிலர் மனம் மாறுவார்கள். தெருவில் வீசப்படும் குட்டிகளில் பெண்ணே அதிகமாகக் கண்ணில் படுவதற்கு இந்தக் கேள்விதான் காரணம். "தோட்டத்துக்குக் காவலுக்கு வேண்டும்" என்பவரிடம், "இரவு நாய் எங்கே படுக்கும்? பகலில் கட்டிப் போடுவீர்களா? தோட்டத்தில் யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். யாருமே இல்லாத தோட்டத்தில் ஒரு சங்கிலி, ஒரு தட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் ஆள் என்றால் வேண்டாம். "மகனுக்குப் பிறந்தநாள், அவனுக்குத் தெரியாமல் கொடுக்கப் போகிறேன்" என்பவரைப் பிறந்தநாள் முடிந்த பிறகு மகனோடு வரச் சொல்லுங்கள்.

நான் தவறாமல் கேட்பவை சில உண்டு. வீடு சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரரிடம் நானே ஒரு வார்த்தை பேசலாமா? வீட்டில் நாய் வேண்டாம் என்கிறவர் யாராவது இருக்கிறார்களா? (மாமியாருக்குப் பிடிக்காத நாய் மூன்றாம் வாரம் திரும்பி வந்துவிடும்.) ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நிதானமாகக் கேளுங்கள். "வயதாகி இறந்தது, பதின்மூன்று வயது" என்பவரும் "எங்கேயோ ஓடிவிட்டது" என்று சிரிப்பவரும் ஒன்றல்ல. தனியாக வாழ்பவர், திருமணமாகாதவர், வாடகைக்கு இருப்பவர் என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குவதும் தவறு. ஒற்றை அறையில் இருந்துகொண்டு காலை மாலை நாயோடு ஒரு மணி நேரம் நடப்பவர், பங்களாவின் பின்கட்டில் கூண்டு வைத்திருப்பவரைவிட எவ்வளவோ மேல்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். காபி குடித்துவிட்டு வருவதற்கல்ல. பால்கனிக் கம்பியின் இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமா, கேட் தானாக மூடுகிறதா, மொட்டை மாடிச் சுவர் எவ்வளவு உயரம், நாய் எங்கே தூங்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபிப்பவருக்கு நாயைக் கொடுக்க வேண்டாம்.

ஒப்படைப்பது

எழுத்தில் ஒரு தாள் இருக்கட்டும். எடுப்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், நாயின் படம், ஊசி அட்டை. அதில் இந்த வரிகள் கட்டாயம்: குறித்த மாதத்துக்குள் கருத்தடை செய்வேன், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன். நீதிமன்றத்துக்குப் போவதற்காக எழுதும் தாள் அல்ல இது. கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிடம் யோசிக்க வைப்பதற்கு. சென்னையில் என்றால் செல்லப்பிராணி உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் மாநகராட்சி வழியாக எடுக்கச் சொல்லுங்கள். வளர்ந்த தெருநாயை முறைப்படி தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2025 ஆகஸ்ட் உத்தரவு சொல்கிறது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எந்த நாயையும் ஒப்படைக்காதீர்கள். புதிய வீடு, புதிய மனிதர்கள், அதன்மேல் சரவெடி. திறந்த கேட் வழியே பாய்ந்து ஓடினால், திரும்பி வருவதற்கு அதற்கு அந்த வீட்டின் வாசனைகூடப் பழகியிருக்காது. குடும்பமே ஊருக்குக் கிளம்பும் பொங்கல் வாரமும் வேண்டாம்.

நீங்களே கொண்டுபோய் விடுங்கள். அது படுத்த பழைய துணியையும் ஒரு வாரத்துக்கான அதே உணவையும் கூடக் கொடுங்கள். முதல் மூன்று நாள் நாய் ஒளிந்துகொள்ளும், சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்களைக் கற்றுக்கொள்ளும். இது என் இடம் என்று நினைக்க மூன்று மாதம் ஆகும். இந்தக் கணக்கை எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லாததால்தான் இரண்டாம் நாளே "நாய் எங்களோடு ஒட்டவே இல்லை" என்று தொலைபேசி வருகிறது. விருந்தாளிகளை வரவழைத்துக் காட்ட வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், வெளியே போகும்போது கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் ஒரு மாதம் கயிறில்லாமல் விடவே கூடாது.

மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, கருத்தடை நாளன்று, பிறகு ஆண்டு ஊசியின்போது விசாரியுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "எங்கே தூங்குகிறது, ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

வீடு கிடைக்காவிட்டால், திரும்பி வந்துவிட்டால்

சில நாய்களுக்கு எளிதில் கிடைக்காது. வயதானவை, மூன்று கால் உள்ளவை, கறுப்புப் பெண் நாய்கள். விளம்பரத்தை மாதாமாதம் புதிய படத்தோடு போட்டுக்கொண்டே இருங்கள். மூன்று கால் நாயின் வீடியோவில் அது ஓடுவதைக் காட்டுங்கள், கட்டுப் போட்டிருந்த நாளின் படத்தை எடுத்துவிடுங்கள். ஊரில் உள்ள காப்பகத்தின் வாசலில் கட்டிவிட்டு வருவது தீர்வல்ல. அங்கே ஏற்கெனவே இடமில்லை. தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது நோய்க் கிடங்கு. தெருவிலேயே வளர்ந்து, சிகிச்சைக்காக மட்டும் எடுத்த வளர்ந்த நாய் என்றால், கருத்தடையும் ஊசியும் முடித்து, பழைய இடம் பாதுகாப்பாக இருந்தால் அங்கேயே விடலாம், சோறு வைப்பவரிடம் சொல்லிவிட்டு. வீட்டுக்குள் வளர்ந்த குட்டியை மாதங்கள் கழித்து அப்படி விட முடியாது. தெருவில் பிழைக்கும் வித்தை அதற்குத் தெரியாது.

ஒப்படைத்த நாய் திரும்பி வந்தால் சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டினால் அடுத்தவர் உங்களிடம் சொல்லாமல் மேம்பாலத்தின் கீழே விட்டுவிட்டுப் போவார். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யாரைக் கடித்தது, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, வீட்டில் யார் இருந்தார்கள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு விளம்பரத்தைத் திருத்துங்கள். மிளகு திரும்பி வந்திருந்தால் "குழந்தைகளிடம் நன்றாகப் பழகும்" என்ற வரி போய், "பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடு நல்லது, சாப்பிடும்போது தொந்தரவு கூடாது" என்று ஆகியிருக்கும்.